தாம்பரத்தில் ரயில் மாறி பஸ் பிடிப்பது எப்படி? தினமும் போய்வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முடிச்சூர் பக்கம் வீடு, நுங்கம்பாக்கத்தில் வேலை. பதினோரு வருடமாகக் காலையில் ஒரு பஸ், ஒரு ரயில். மாலையில் அதே ரயில், அதே பஸ். இத்தனை வருடத்தில் எனக்கு நன்றாகப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. ரயில் போகிற நேரத்தை நம்மால் குறைக்க முடியாது, பஸ் போகிற நேரத்தையும் குறைக்க முடியாது. ஆனால் ரயிலை விட்டு இறங்கி பஸ் படியில் கால் வைக்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் போகிறதே, அது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதை ஒழுங்காகத் திட்டமிட்டால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக இந்தப் பக்கம் குடிவந்தவர்கள், முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள், எப்போதாவது வந்து திண்டாடுகிற உறவினர்கள், எல்லாரையும் மனதில் வைத்துக்கொண்டு.

முதலில்: நீங்கள் போக வேண்டியது தாம்பரம்தானா?

சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து வரும்போது குரோம்பேட்டைக்கு அப்புறம் வருவது தாம்பரம் சானடோரியம். அதற்கடுத்துத்தான் தாம்பரம். இரண்டும் வேறு வேறு நிலையங்கள். வண்டிக்குள் யாராவது ‘தாம்பரம் வந்துடுச்சு’ என்று சொன்னதும் அவசரமாக சானடோரியத்தில் இறங்கிவிடுபவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும், நெஞ்சக நோய் அரசு மருத்துவமனைக்கும், மெப்ஸ் என்கிற ஏற்றுமதித் தொழில் வளாகத்துக்கும் போக வேண்டியவர்கள் தாம்பரம் வரை வந்துவிடுகிறார்கள். அந்த மூன்றுக்கும் சானடோரியத்தில் இறங்குவதுதான் பக்கம். 1928ல் காசநோய்க்கென்று தொடங்கிய மருத்துவமனையால்தான் அந்த நிலையத்துக்கே அப்படி ஒரு பெயர். உடம்பு முடியாதவரை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையம் தள்ளி இறங்கிவிட்டால், நோயாளியோடு பாலம் ஏறி இறங்குவது பெரிய வேதனை.

அடுத்து: கிழக்கா, மேற்கா?

தாம்பரத்தை ஒரே நிலையம் என்று நினைக்காதீர்கள். தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. முடிச்சூர், படப்பை, பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், பல்லாவரம், பம்மல் என்று போகிறவர்கள் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கிழக்குப் பக்கம் வேளச்சேரி சாலை. சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், அகரம்தென், சென்னை கிறித்துவக் கல்லூரி, விமானப்படைத் தளம் எல்லாம் கிழக்கு.

பக்கம் தப்பினால் என்ன ஆகும்? மறுபடி படியேறி, அத்தனை பிளாட்பாரத்தையும் தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும். மாலைக் கூட்டத்தில் அதற்கே பத்து நிமிடம் ஆகும். ஒருமுறை ஊரிலிருந்து வந்த அம்மாவையும் இரண்டு அரிசிப் பைகளையும் அழைத்துக்கொண்டு, பேச்சு சுவாரசியத்தில் கிழக்கே இறங்கிவிட்டேன். அன்று அம்மா திரும்ப அந்தப் படியில் ஏறியதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

திசை குழம்பாமல் இருக்க ஒரு வழி: கடற்கரைப் பக்கமிருந்து வரும் வண்டியில், வண்டி போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வலக்கைப் பக்கம் மேற்கு, அதாவது ஜி.எஸ்.டி. சாலை. இடக்கைப் பக்கம் கிழக்கு. செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்தால் இது அப்படியே மாறும்.

டிக்கெட்: நின்று வாங்குவதா, போனில் எடுப்பதா?

சாதாரண மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை 10 ரூபாய். இவ்வளவு மலிவான பயணத்துக்கு டிக்கெட் இல்லாமல் மாட்டினால் கட்டணத்தோடு சேர்த்துக் குறைந்தது 250 ரூபாய் அபராதம். கவுன்டரில் வரிசை நீளமாக இருந்தது என்ற காரணத்தைப் பரிசோதகர் ஏற்கமாட்டார்.

வரிசையைத் தவிர்க்க மூன்று வழி இருக்கிறது. தானியங்கி இயந்திரம், ரயில்வேயின் ரயில்ஒன் செயலி, அப்புறம் 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி. கடைசியாகச் சொன்னதில் மாநகரப் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். தாம்பரத்தில் மாறி ஏறுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி.

ரயில் டிக்கெட்டைப் போனில் எடுக்கும்போது புதியவர்கள் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். பிளாட்பாரத்துக்குள் போன பிறகு எடுக்கப் பார்த்தால் செயலி மறுத்துவிடும். தண்டவாளத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். அதனால் பஸ்ஸில் வரும்போதே, அல்லது நிலையத்துக்கு வெளியே நின்று எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால், நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வருவீர்கள். மாலையில் பேட்டரி பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் பேசாமல் காகித டிக்கெட் வாங்கிவிடுவேன்.

தினமும் போகிறவர்களுக்கு சீசன் டிக்கெட்தான் சரி. அதில் ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. மூன்று மாத சீசனின் விலை, மாத சீசனைப் போல 2.7 மடங்கு. ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஒரு வருடத்துக்கு 10.8 மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று மாதம் எடுத்தாலே பத்து சதவீதம் மிச்சம், ஒரு வருடம் எடுத்தாலும் அதே பத்து சதவீதம்தான். வேலை மாறக்கூடும், வீடு மாறக்கூடும் என்றிருப்பவர்கள் வருடக் கணக்கில் பணத்தை முடக்க வேண்டாம். மூன்று மாதமாக எடுத்துப் புதுப்பித்துக்கொண்டே வந்தால் போதும்.

ஏசி மின்சார ரயில் தனி. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஓடத் தொடங்கியது. தொடங்கியபோது குறைந்த கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105 ரூபாய் என்று வைத்தார்கள். சாதாரண டிக்கெட்டோ, சாதாரண சீசனோ அதில் செல்லாது. ஏறிவிட்டு ‘தெரியாதுங்க’ என்று சொல்வதால் பயனில்லை. சித்திரை, வைகாசி வெயிலில், கைக்குழந்தையோடு போகிற நாளில், அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

எந்த வண்டியில் ஏறுவது?

சென்னைப் பக்கமிருந்து தெற்கே வரும் எல்லா வண்டியும் தாம்பரத்தோடு நிற்பதில்லை. சில தாம்பரம் வரை, சில செங்கல்பட்டு வரை, இன்னும் சில காஞ்சிபுரம், திருமால்பூர், அரக்கோணம் வரை. தாம்பரத்தில் இறங்க வேண்டியவர், முடிந்தவரை தாம்பரம் வரை மட்டும் வரும் வண்டியில் ஏறுங்கள். செங்கல்பட்டு வண்டியில் மேலும் முப்பது கிலோமீட்டர் போக வேண்டியவர்கள் நிறைந்திருப்பார்கள். பொத்தேரி, மறைமலை நகர், பரனூர் ஆட்களுக்கு வேறு வழியில்லை, நமக்கு இருக்கிறது. தாம்பரத்தோடு நிற்கும் வண்டி காலியாக இருக்கும்.

காலையில் கடற்கரைப் பக்கம் போகும்போதும் இதே யோசனைதான். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி தாம்பரத்துக்கு வரும்போதே நிறைந்திருக்கும். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் ஐந்து நிமிடம் முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். முக்கால் மணி நேரம் நிற்பதா, பத்து நிமிடம் காத்திருந்து உட்கார்ந்து போவதா என்று கேட்டால், முழங்கால் வலி உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபாஸ்ட் வண்டியில் மட்டும் கவனம் வேண்டும். அது விரைவுத் தடத்தில் போகும். நடுவில் பல நிலையங்களில் நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், அறிவிப்பைக் காதில் வாங்காமல் ஓடிப்போய் ஏறினேன். கண்ணெதிரே நுங்கம்பாக்கம் கடந்து போனது. எழும்பூரில் இறங்கி, மறுபக்கம் போய், திரும்பி வந்து சேர்ந்தபோது அரை மணி நேரம் தாமதம். மாம்பலம், எழும்பூர் போகிறவர்களுக்கு ஃபாஸ்ட் நல்லது. மற்றவர்கள் உங்கள் நிலையத்தில் நிற்குமா என்று ஏறும்முன் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். தினமும் போகிற ஆட்கள் முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

பிளாட்பார எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். தாம்பரத்தில் தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களும் நிற்கின்றன, இங்கிருந்தே புறப்படும் நெடுந்தூர வண்டிகளும் இருக்கின்றன. 2024ல் தண்டவாளங்கள் பிரிந்து சேரும் யார்டையே மாற்றி அமைத்தார்கள். நேற்று வந்த பிளாட்பாரத்தில் இன்றும் வரும் என்று நம்பி கீழே இறங்கிவிட்டால், திரும்ப மேலே ஓட வேண்டியிருக்கும். பாலத்தின் மேலேயே நின்று பலகையைப் பார்த்து, அறிவிப்பையும் கேட்டுவிட்டு, அப்புறம் படியிறங்குங்கள். மின்சார ரயிலின் எண் 4ல் தொடங்கும் ஐந்து இலக்கமாக இருக்கும். உள்ளூர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடாமல் இருக்க அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பெட்டியில் நிற்பது?

என்னைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

பன்னிரண்டு பெட்டி வண்டி கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் நீளம். நீங்கள் ஏறிய பெட்டி ஒரு கோடியில், நடைமேம்பாலத்தின் படி இன்னொரு கோடியில் என்றால், இறங்கியதும் அவ்வளவு தூரமும் கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். நீங்கள் படியை எட்டும்போது உங்கள் பஸ் நகர்ந்திருக்கும்.

முதல் வாரம் இப்படிச் செய்யுங்கள். திங்கள்கிழமை, ஏறும் நிலையத்தில் எங்கே நின்று ஏறினீர்கள் என்று ஓர் அடையாளம் வையுங்கள்: ஒரு தூண், ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கடை, எதுவானாலும் சரி. தாம்பரத்தில் இறங்கியதும் உங்கள் பக்கத்துப் படி முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, எத்தனை பெட்டி தள்ளி என்று எண்ணுங்கள். செவ்வாய்க்கிழமை அத்தனை பெட்டி தள்ளி நின்று ஏறுங்கள். புதன்கிழமை இன்னும் கொஞ்சம் சரிசெய்யுங்கள். வியாழக்கிழமை கதவு திறந்த இடத்துக்கு எதிரிலேயே படி இருக்கும். எனக்கு அந்த அடையாளம் நுங்கம்பாக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அந்த பெஞ்சின் இடது கைப்பிடிக்கு நேரே நின்றால், தாம்பரத்தில் நாலே எட்டில் படி. அங்கே என்னைப் போலவே தினமும் நிற்கிற ஏழெட்டுப் பேர் உண்டு. பெயர் தெரியாது, ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் தேடுவோம்.

பெண்கள் பெட்டியின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். முதல் வகுப்புப் பெட்டியும் அப்படித்தான். கூட்டம் தள்ளும் வேகத்தில் ஆண்கள் பெண்கள் பெட்டியில் ஏறிவிடுவது உண்டு. அது அபராதத்துக்குரிய குற்றம். அந்தப் பெட்டி எவ்வளவு தேவையானது என்பதை என் மனைவியிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். மாலை ஆறரை மணி வண்டியில், மாம்பலத்தில் வாங்கிய முளைக்கீரைக் கட்டை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு ஆய்கிறார்கள். தண்டு ஒரு பையில், இலை ஒரு பையில். பக்கத்தில் இருப்பவரும் பேசிக்கொண்டே ஒரு பிடி எடுத்து ஆய்ந்து கொடுப்பார். குரோம்பேட்டை வருவதற்குள் கீரை சமையலுக்குத் தயார். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டாவது வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்கு, கால்மேல் கால் இடிக்காமல் உட்கார்ந்து மூச்சுவிடக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அதை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும்.

இறங்கியதும்

வண்டி நிற்கும் முன் குதிக்காதீர்கள். தாம்பரத்தோடு முடியும் வண்டியில் அவசரமே இல்லை. அது அங்கேயே நிற்கப்போகிறது. அதே வண்டி திரும்பக் கடற்கரைக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் இடம்பிடிக்க முண்டியடித்து ஏறுவார்கள். ஒரு நொடி ஓரமாக ஒதுங்கி, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

படியில் ஏறுகிறவர்கள் இடப்பக்கம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டம் அதிகமானால் அது உடையும். எஸ்கலேட்டர் முன்னால் எப்போதும் தேங்கி நிற்கும். காலில் வலு உள்ளவர்கள் சாதாரணப் படியில் ஏறிவிட்டால் வயதானவர்களுக்கு எஸ்கலேட்டர் கிடைக்கும். பாலத்தில் ஏறும்முன் அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பலகையைப் பார்த்துவிடுங்கள்.

தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டாதீர்கள். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், நானும் சொல்கிறேன். ரயில்வே சட்டத்தின் 147வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. நான் பயப்படுவது அதற்கில்லை. ஒரு தடத்தில் மின்சார ரயில் வருவதைப் பார்த்து நிற்கிறோம், அது போனதும் கால் வைக்கிறோம். அந்தச் சத்தத்தில் அடுத்த தடத்தில் வரும் எக்ஸ்பிரஸ் காதில் விழாது. காதில் பாட்டும் ஓடினால் சொல்லவே வேண்டாம். பாலம் ஏறினால் நாலு நிமிடம். பஸ் போனால் இன்னொரு பஸ் வரும்.

பஸ்: மேற்குப் பக்கம்

ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கியதும் நீங்கள் போக வேண்டிய திசையை முடிவு செய்யுங்கள். தெற்கே போகும் பஸ்ஸும் வடக்கே போகும் பஸ்ஸும் சாலையின் வேறு வேறு பக்கத்தில் நிற்கும். நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டாம், நடைமேம்பாலத்திலேயே போங்கள்.

நீண்டகாலமாக ஓடும் சில தடங்களைத் தெரிந்துவைத்தால் போதும். 500 என்றால் செங்கல்பட்டு. 515 மாமல்லபுரம். 66 பூந்தமல்லி. 70 ஆவடி. இவற்றோடு எழுத்து சேர்ந்து வரும் கிளைத் தடங்கள் நிறைய உண்டு. எண் ஒன்றாக இருந்தாலும் எழுத்து மாறினால் வழி மாறும், சில சமயம் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் எண்ணோடு ஊர்ப் பெயரையும் படியுங்கள். முடிச்சூர், படப்பைப் பக்கம் போகிற பஸ்களில், கிளம்பும் நேரம் வந்ததும் நடத்துநர் படியில் நின்று ஊர்ப் பெயரை அடுக்குவார். அதைக் கேட்டால் பலகையே பார்க்க வேண்டாம்.

ஊருக்குள் போகும் சிற்றுந்துகளின் எண் ‘எஸ்’ என்று தொடங்கும். பெரிய பஸ் நுழையாத தெருக்களுக்கு அதுதான் வழி. எண்ணிக்கை குறைவு, நேரத்தை ஒருமுறை நடத்துநரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மாநகரப் பஸ் இப்போது எங்கே வருகிறது என்று சென்னை பஸ் செயலியில் பார்க்கலாம். நான் குரோம்பேட்டை தாண்டும்போது பார்ப்பேன். பஸ் நெருங்கிவிட்டது என்றால் வேகமாக நடக்கிறேன். இருபது நிமிடம் என்றால் ஒரு டீ குடிக்கிறேன்.

சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு அடித்திருக்கும் பஸ்கள் அவை. கட்டணம் இல்லையென்றாலும் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டீலக்ஸ், ஏசி பஸ்களில் இந்தச் சலுகை கிடையாது. அவசரத்தில் ஏறிவிட்டு அப்புறம் சில்லறை தேடும்படி ஆகும். ஆண்களுக்கு சாதாரணப் பஸ்ஸில் 5 ரூபாயிலிருந்து கட்டணம். சில்லறைக்குப் பதில் சிங்கார சென்னை என்ற பயண அட்டையையும் பயன்படுத்தலாம்.

பஸ்: கிழக்குப் பக்கம்

கிழக்குப் பக்கம் இடம் குறுகல், கூட்டம் நெருக்கம், ஆனால் குழப்பம் குறைவு. அநேகமாக எல்லா வண்டியும் வேளச்சேரி சாலையில்தான் போகும். 51 என்று தொடங்கும் வரிசை மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம். 95 திருவான்மியூர். சேலையூர், கேம்ப் ரோடு வரைதான் என்றால் ஷேர் ஆட்டோவே போதும். ஏறும்முன் கடைசியாக எங்கே இறக்கிவிடுவார், எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஆள் நிறையும் வரை கிளம்பமாட்டார். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஆட்டோவைவிட, எதிரே வரும் பஸ் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கிளாம்பாக்கம் போக வேண்டியவர்களுக்கு

தென்மாவட்டங்களுக்குப் போகும் அரசு விரைவுப் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில்தான் புறப்படுகின்றன. தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, மேற்கே வந்து, தெற்கு நோக்கிப் போகும் மாநகரப் பஸ்ஸில் கிளாம்பாக்கம் என்று கேட்டு ஏறுங்கள். சாதாரண நாளில் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் ஜி.எஸ்.டி. சாலை பெருங்களத்தூரில் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு இரண்டு மணி நேரமாவது தேவை. முன்பதிவு செய்த பஸ்ஸைத் தவறவிட்டு, பிள்ளைகளோடு நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பும் எக்ஸ்பிரஸ் பலவும் விடியற்காலையில் தாம்பரத்தில் நிற்கும். தெற்குப் புறநகரில் வீடு உள்ளவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை, இங்கேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து மின்சார ரயிலில் போவதானால் தனியாக உள்ளூர் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ரயில் நின்றுபோன நாள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக வண்டிகளைக் குறைப்பார்கள். சனிக்கிழமை இரவே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

திடீரென்று நின்றுவிட்டால் பதறாமல், பத்து நிமிடம் மட்டும் காத்திருங்கள். அதற்குள் நகரவில்லையென்றால் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, வடக்கே போகும் ஏதாவது ஒரு பஸ்ஸில் விமான நிலையம் வரை போய் மெட்ரோ பிடியுங்கள். கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை, சென்ட்ரல் எல்லாம் அதிலேயே போகலாம். ஆயிரம் பேர் அதே முடிவுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் வர வேண்டும், அவ்வளவுதான்.

வீடு திரும்பும்போது மழை என்றால் முதலில் வீட்டுக்குப் போன் போட்டு, தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று கேளுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

இரவில்

மின்சார ரயில் விடியற்காலை நாலு மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவை ஒட்டி ஓடுகிறது. பஸ் அப்படியில்லை. பத்து மணிக்கு மேல் உள்ளூர்த் தடங்கள் மெலிந்துவிடும். ரயில் இருக்கிறது என்ற தைரியத்தில் கடைசி வண்டியில் வந்து இறங்கினால், வீட்டுக்குப் போக ஆட்டோ கேட்கிற விலைதான். அதனால் கடைசி ரயில் எது என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் தடத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பஸ் புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தாம்பரத்தில் இறங்கும்படி இருக்கட்டும்.

இரவு வண்டியில் ஆளில்லாத பெட்டியில் உட்காராதீர்கள். நாலு பேர் இருக்கும் பெட்டிக்கு மாறிவிடுங்கள். ரயிலுக்குள் எந்தத் தொந்தரவானாலும், பையை மறந்துவிட்டாலும் 139. அதற்காகவே வண்டி எண்ணும், எத்தனையாவது பெட்டி என்பதும் நினைவில் இருக்கட்டும். வெளியே வந்த பிறகு என்றால் 112. இரண்டு எண்ணையும் இப்போதே போனில் பதிந்துவையுங்கள், வீட்டில் உள்ள பிள்ளைகள் போனிலும்.